கொல்லைப்புறக் கணக்கு

வீட்டின் பின்புறத்தில் உள்ள வெற்றிடத்தைத் தமிழர் கொல்லை என்றும் புழக்கடை என்றும் வழங்கினர். கிராமத்து வீடுகளில் அந்த இடம் பெரிதாக இருந்தது. வாழையும் முருங்கையும் கறிவேப்பிலையும் தத்தமக்கு வேண்டிய இடத்தைத் தாமே எடுத்துக்கொண்டு வளர்ந்தன. யாரும் அளவுநாடாவைத் தேடவில்லை. ஆனால் வேலையின் பொருட்டு வடக்கே குடிபெயர்ந்த குடும்பங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் குடியிருப்பின் பின்னால் உள்ள ஒரு சிறு துண்டு நிலமே. இடம் குறையக் குறைய அளவின் மதிப்பு கூடுகிறது.

நிலத்தை அளப்பது தமிழருக்குப் புதிதன்று. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் பழைய நூல் நெல், பொன் முதலியவற்றோடு நிலத்திற்கும் கணக்கு கூறுகிறது. பலாப்பழத்தை அறுக்காமலே அதன் முட்களை எண்ணிச் சுளைகளின் எண்ணிக்கையை அறியும் வழியும் அந்நூலில் உண்டு. அறுப்பதற்கு முன்பே உள்ளே இருப்பதைக் கணித்துவிட விரும்பும் அதே ஆர்வத்தோடு ஒரு சிறு கொல்லைப்புறத்தையும் அணுகலாம்.

தில்லியில் ஓர் அரசு ஊழியர் குடியிருப்பை எடுத்துக்கொள்க. வீட்டின் தெற்கே கொல்லைப்புறம் அமைந்துள்ளது. கிழக்கு மேற்காக 4 மீட்டர், வடக்குத் தெற்காக 3 மீட்டர். வடக்கே வீட்டுச் சுவர், தெற்கே 1.5 மீட்டர் உயரமுள்ள மதில். மற்ற இரு பக்கங்களிலும் கம்பிவேலி. அங்கு வாழும் தமிழ்க் குடும்பத்தின் தேவைகள் பெரியவை அல்ல. அன்றாடச் சமையலுக்குக் கீரையும் காயும் வேண்டும். தாய் ஊரிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் இலையுதிர்த்து மெலிகிறது. அது பிழைக்க வேண்டும். பொங்கல் பானையில் கட்டுவதற்கு ஒரு மஞ்சள் கொத்தும் வேண்டும். தில்லியில் அதனைத் தேடிச் சந்தை சந்தையாக அலைய வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்பில் பயிலும் மகள் நிலத்தை அளந்து, 4 × 3 = 12 சதுர மீட்டர் என்று குறிப்பேட்டில் எழுதுகிறாள்.

விடை சரிதான். ஆனால் அந்த 12 சதுர மீட்டரும் பயிருக்குக் கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. கை எட்டாத மண்ணில் களை எடுக்க முடியாது. வெயில் எட்டாத மண்ணில் காய் காய்க்காது. ஆகவே பரப்பளவைப் பெருக்கிப் பெற்ற பிறகுதான் உண்மையான கணக்கு தொடங்குகிறது.

முதலில் கையின் எட்டத்தைப் பார்க்கலாம். பாதையில் குந்தி அமர்ந்த ஒருவரின் கை, பாத்திக்குள் ஏறத்தாழ 60 செ.மீ. வரை வசதியாக எட்டும். ஒரு பக்கம் மட்டும் பாதையுள்ள பாத்தி 60 செ.மீ. அகலமும், இரு பக்கமும் பாதையுள்ள பாத்தி 120 செ.மீ. அகலமும் கொண்டிருக்கலாம். நடப்பதற்கு 40 செ.மீ. அகலப் பாதை போதும். இந்த மூன்று எண்களையும் கருதாமல் அரை மீட்டர் பாத்தி, அரை மீட்டர் பாதை என்று மாறி மாறி அமைத்தால் 3 பாத்திகளும் 3 பாதைகளும் கிடைக்கும். பாத்திகளின் மொத்தப் பரப்பு 4 × 1.5 = 6 சதுர மீட்டர். பாதி நிலம் நடப்பதற்கே போய்விடும்.

இனி அந்த எண்களைக் கொண்டு பிரித்துப் பார்க்கலாம். வீட்டுச் சுவரை ஒட்டி 40 செ.மீ. பாதை, அடுத்து 120 செ.மீ. பெரும்பாத்தி, மீண்டும் 40 செ.மீ. பாதை, அதன்பின் 60 செ.மீ. சிறுபாத்தி, மதிலை ஒட்டி எஞ்சும் 40 செ.மீ. பட்டையில் தண்ணீர்ப் பீப்பாயும் உரக்குழியும். கூட்டினால் சரியாக 300 செ.மீ. வருகிறது. பாத்திகளின் பரப்பு 4 × 1.8 = 7.2 சதுர மீட்டர். முன்னைவிட 1.2 சதுர மீட்டர் மிகுதி. பீப்பாய்க்கும் உரக்குழிக்கும் தனி இடமும் கிடைத்துவிட்டது.

இங்கே கணிதப் பாடம் அறிந்தவர்க்கு ஓர் ஐயம் எழக்கூடும். ஒரே பரப்புடைய செவ்வகங்களுள் சதுரத்திற்கே சுற்றளவு குறைவு. சுற்றளவு குறைந்தால் பாத்தியைச் சுற்றி அடுக்கும் செங்கல்லும் குறையும். 4 மீட்டருக்கு 1.2 மீட்டர் பாத்தியின் சுற்றளவு 10.4 மீட்டர். அதே 4.8 சதுர மீட்டரைச் சதுரமாக அமைத்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 2.19 மீட்டர், சுற்றளவு 8.8 மீட்டரை எட்டாது. செங்கல் மிச்சமாவது உண்மையே. ஆனால் அந்தச் சதுரத்தின் நடுப்புள்ளி எந்தப் பக்கத்திலிருந்தும் 1 மீட்டருக்கும் அப்பால் இருக்கும். அங்கே முளைக்கும் களையைப் பறிக்கப் பாத்திக்குள் கால் வைத்தே ஆக வேண்டும். மிதிபட்ட மண் இறுகும். செங்கல்லைக் குறைப்பதா, கை எட்டும் இடத்தைக் கூட்டுவதா என்பதை முதலில் முடிவு செய்தபின் கணக்கைத் தொடங்குவதே முறை.

அடுத்தது வெயில். கொல்லைப்புறத்தின் உண்மையான எல்லை கம்பிவேலி அன்று, நிழலே. தெற்கே உள்ள மதில் குளிர்காலத்தில் எவ்வளவு நிலத்தை மறைக்கிறது என்பதை அறிய ஒரு குச்சி போதும். 1 மீட்டர் நீளமுள்ள குச்சியைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, அன்றைய மிகக் குறுகிய நிழலை அளக்க வேண்டும். நிழல் மிகக் குறுகும் நேரமே உண்மையான நண்பகல். அது கடிகாரத்தின் 12 மணியோடு ஒத்துப்போவதில்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகார நேரம் வழங்குவதால், திசம்பர் இறுதியில் தில்லியில் ஏறத்தாழ 12.20 மணிக்கும், கொல்கத்தாவில் 11.35 மணிக்கும் நண்பகல் நிகழ்கிறது.

திசம்பர் 22ஆம் நாளையொட்டித் தில்லியில் அந்தக் குச்சியின் நிழல் 128 செ.மீ. இருக்கும். அதே நாளில் சென்னையில் 74 செ.மீ., மும்பையில் 92 செ.மீ., நாகபுரியில் 98 செ.மீ., கொல்கத்தாவில் 104 செ.மீ., குவகாத்தியில் 117 செ.மீ., சண்டிகரில் 138 செ.மீ. வடக்கே செல்லச் செல்லக் குளிர்காலச் சூரியன் தெற்கு வானில் தாழ்கிறது, நிழல் நீள்கிறது. ஊரில் மதிலடியில் நன்றாகக் காய்த்த செடி தில்லியில் காய்க்க மறுப்பதற்கு மண்ணை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

எல்லாப் பொருள்களின் நிழலும் ஒரே விகிதத்தில் நீள்வதால் மதிலின் நிழலைக் குச்சியின் நிழலிலிருந்தே பெறலாம். கிரேக்க அறிஞர் தேலீசு எகிப்தியப் பிரமிடின் உயரத்தை அதன் நிழலைக் கொண்டு அளந்தார் எனக் கூறப்படுவதும் இதே வழியில்தான். 1 மீட்டருக்கு 128 செ.மீ. எனில் 1.5 மீட்டர் மதிலுக்கு 192 செ.மீ. கொல்லைப்புறத்தின் 3 மீட்டரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நண்பகலிலேயே நிழலில் கிடக்கிறது! காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் நீளும். வெயில் படுவது வீட்டை ஒட்டிய 108 செ.மீ. பட்டையில் மட்டுமே. சூன் 21ஆம் நாளில் குச்சியின் நிழல் 9 செ.மீ.தான், மதிலின் நிழல் 14 செ.மீ. கோடையில் பார்ப்பவர்க்கு மதிலடி மண் முழுவதும் வெயிலில் காய்வது போலத் தோன்றும். அதை நம்பித் திட்டமிட்டால் குளிர்காலத்தில் ஏமாற்றமே மிஞ்சும். வீட்டை ஒட்டி வேண்டாத பொருள்களை அடுக்கிவிட்டு மதிலடியில் செடி வைப்பது பலருடைய வழக்கம். தெற்கே மதிலுள்ள கொல்லைப்புறத்தில் அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்று குச்சி சொல்கிறது.

நிழல் தரையில் மட்டும் இருப்பதன்று. அதற்கு உயரமும் உண்டு. மதிலின் உச்சியைத் தொட்டு வரும் வெயில், 128 செ.மீ. தொலைவு செல்வதற்குள் 100 செ.மீ. இறங்குகிறது. எனவே 100 செ.மீ. தொலைவில் அது 78 செ.மீ. இறங்கியிருக்கும். 150 − 78 = 72. மதிலிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்கும் கறிவேப்பிலைத் தொட்டியைத் தரையில் வைத்தால் கன்று முழுவதும் நிழலில் இருக்கும். அதே இடத்தில் 75 செ.மீ. உயரமுள்ள பழைய முக்காலியின் மேல் வைத்தால் தொட்டியின் அடியிலிருந்தே வெயில் படும். தொட்டியை ஓர் அடிகூட நகர்த்த வேண்டியதில்லை, உயர்த்தினால் போதும். கறிவேப்பிலை வெயிலை மட்டுமன்றி வெப்பத்தையும் நாடும் செடி. கடுங்குளிரில் சில இலைகள் உதிரவே செய்யும். ஆயினும் நாள்தோறும் சிறிது வெயில் பெற்ற கன்று வசந்தத்தில் மீண்டும் துளிர்ப்பதற்கு வாய்ப்பு மிகுதி.

மஞ்சளின் கதை வேறு. அது மே மாத இறுதியிலோ சூன் மாதத்திலோ நடப்பட்டு, ஏறத்தாழ எட்டு மாதம் மண்ணில் இருக்கும். ஓரளவு நிழலைத் தாங்கும். குளிர்காலத்தில் இலைகள் பழுத்துச் சாயும். கிழங்கு மண்ணுக்குள் முதிர்ந்திருக்கும். அதாவது, கோடையில் வெயிலும் திசம்பரில் நிழலும் பெறும் மதிலோரச் சிறுபாத்தி, கோடையில் வளர்ந்து திசம்பரில் ஓய்வுகொள்ளும் மஞ்சளுக்கென்றே அமைந்தது போல் உள்ளது. இதனையும் எண்களால் சோதிக்கலாம். சிறுபாத்தியின் நடுக்கோடு மதிலிலிருந்து 70 செ.மீ. தொலைவில் உள்ளது. செப்டம்பர் 23ஆம் நாளில் குச்சியின் நிழல் 55 செ.மீ.; அன்று அந்தக் கோட்டில் 22 செ.மீ. உயரத்திற்கு மேல் வெயில் படும். திசம்பர் 22இல் 95 செ.மீ. உயரத்திற்கு மேல்தான் படும். மஞ்சள் செடி ஏறத்தாழ 1 மீட்டர் உயரம் வளரும். இலைகளுக்கு வேலை இருக்கும் காலமெல்லாம் வெயில் கிடைக்கிறது. வேலை முடியும்போது வெயிலும் விடைபெறுகிறது. பொங்கலன்று தில்லிக் குளிரில் இலை சற்று மஞ்சளாகியிருக்கலாம். பானையில் கட்டுவதற்கு அதனால் தடை இல்லை.

இனிப் பெரும்பாத்தியில் எத்தனை செடிகள் நிற்கும் என்பதைப் பார்க்க வேண்டும். குளிர்காலக் காயாகிய நூல்கோலை எடுத்துக்கொள்ளலாம். இந்தி பேசும் அண்டை வீட்டார் அதனைக் காண்ட் கோபி என்பர். செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 4 மீட்டருக்கு 1.2 மீட்டர் பாத்தியில் சதுரச் சதுரமாக நடும்போது அகலத்தில் 4, நீளத்தில் 13, ஆக 52 செடிகள் நிற்கும்.

ஒரு வரிசையின் இரு செடிகளுக்கு நடுவில் அடுத்த வரிசைச் செடி வருமாறு மாற்றி நட்டால் ஒவ்வொரு மூன்று செடிகளும் ஒரு சமபக்க முக்கோணமாக அமையும். செடிகளுக்கிடையே உள்ள தொலைவு 30 செ.மீ.க்குக் குறையாது. ஆனால் வரிசைகளுக்கிடையே உள்ள தொலைவு குறையும். பித்தகோரசு தேற்றத்தின்படி 30² − 15² = 675; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 26. ஒவ்வொரு வரிசைக்கும் 4 செ.மீ. மிச்சம். சம வட்டங்களைச் சீரான ஒழுங்கில் அடுக்கும் முறைகளுள் இதுவே மிக நெருக்கமானது என்பதைப் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த கணித அறிஞர் இலாக்ராஞ்சு 1773இல் நிறுவினார். சதுர அடுக்கில் வட்டங்கள் நிலத்தின் 78.5 விழுக்காட்டை நிரப்புகின்றன. முக்கோண அடுக்கில் 90.7 விழுக்காட்டை நிரப்புகின்றன. பரந்த வயலில் அதே இடைவெளியில் 100 செடிகளுக்குப் பதிலாக 115 செடிகள் நிற்கும். தேனடையின் அறைகள் அமைந்திருப்பதும் இவ்வொழுங்கில்தான்.

ஆனால் கொல்லைப்புறம் வயல் அன்று. இங்கே ஓரங்கள் குறுக்கிடுகின்றன. ஒவ்வொரு செடியும் ஓரத்திலிருந்து 15 செ.மீ. உள்ளே நிற்க வேண்டும் என்று விதித்தால், 120 செ.மீ. அகலத்தில் ஒரு வரிசைக்கு 4 செடிகளும் அடுத்த வரிசைக்கு 3 செடிகளுமே இடம் பெறும். 4 மீட்டர் நீளத்தில் 15 வரிசைகள். எட்டு வரிசைகளில் 32, ஏழு வரிசைகளில் 21, ஆக 53. இத்தனை முயன்றும் கூடியது ஒரே ஒரு செடி! நூறுக்குப் பதினைந்து என்ற வாக்குறுதி ஓரங்களில் கரைந்துவிட்டது. வரிசைகளை நீளவாக்கில் திருப்பி அமைத்தாலோ 13, 12, 13, 12 என 50 செடிகளே நிற்கும். சதுர முறையைவிட இரண்டு குறைவு. நூலில் படித்ததை அளவுநாடா இன்றி அப்படியே பின்பற்றுபவர் இங்கே தோற்பார்.

விதியைச் சற்றுத் தளர்த்தினால் நிலைமை மாறுகிறது. நூல்கோலின் இலைகள் பாதையின் மேல் சிறிது நீண்டால் யாருக்கும் இடையூறு இல்லை. ஆகவே செடிகள் ஓரத்திலிருந்து 7.5 செ.மீ. உள்ளே நின்றால் போதும் என்று கொள்ளலாம். இப்போது எல்லா வரிசைகளிலும் நான்கு செடிகள் நிற்கும். 15 × 4 = 60. சதுர முறையிலோ இந்தத் தளர்வுக்குப் பிறகும் 52தான். எட்டுச் செடிகள் கூடுதலாகக் கிடைத்தன. கொடுத்த விலை பாதையின் மேல் ஒரு சாண்கூட நீளாத இலைகள்.

நிலத்தைப் போலவே நாள்களையும் அளக்கலாம். ஒரு சதுர மீட்டர் நிலம் ஒரு நாள் பயிரைத் தாங்கினால் அதனை ஒரு சதுர மீட்டர்-நாள் எனலாம். நூல்கோல் விதையை நேரே பெரும்பாத்தியில் விதைத்தால் முதல் நான்கு வாரங்கள் 4.8 சதுர மீட்டரும் சிறு முளைகளுக்காகக் காத்திருக்கும். அது 4.8 × 28, ஏறத்தாழ 134 சதுர மீட்டர்-நாள் வீண். மாறாக, செப்டம்பரில் 5 செ.மீ. இடைவெளியில் நாற்றுவிட்டால் 60 நாற்றுகளுக்கு 1500 சதுர செ.மீ. போதும். ஒரு பழைய தட்டில் அடங்கிவிடும். அக்டோபர் தொடக்கத்தில் நாற்றைப் பாத்திக்கு மாற்றும்வரை அங்கே முந்திய பருவத்துக் கீரையைப் பறித்துக்கொண்டிருக்கலாம்.

அக்டோபரில் நடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாத்தி மதிலிலிருந்து 140 செ.மீ. தொலைவில் தொடங்குகிறது. அக்டோபர் இறுதி வரை மதிலின் நண்பகல் நிழல் அந்த எல்லையைத் தொடாது. நவம்பர் நடுவில் அது 21 செ.மீ. அளவே உள்ளே நுழையும். நிழல் மேலும் பரவும் திசம்பரில் நூல்கோல் சமையலறைக்குப் போயிருக்கும். காலியான பாத்தியில் வெயில் படும் வட பகுதியில் வெந்தயக்கீரையும், நிழல் விழும் தென் பகுதியில் குறைந்த வெயிலைப் பொறுக்கும் பாலக் கீரையும் கொத்தமல்லியும் விதைக்கலாம். பிப்ரவரி 10ஆம் நாளையொட்டி நிழல் மீண்டும் பாத்தியை விட்டு வெளியேறிவிடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இடம் ஆயத்தமாகும்.

நீரின் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. உயரத்திற்கு நீர் நின்றால் அது சரியாக 1 லிட்டர். கோடையில் நாளொன்றுக்கு 6 மி.மீ. நீர் தேவை எனக் கொண்டால் 7.2 சதுர மீட்டருக்கு 43 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் மூன்று வாளி. யார் சுமப்பது என்பதை மட்டும் கணிதம் கூறாது.

இத்தனை எண்களுக்குப் பிறகும் தாய் பெரும்பாத்தியின் ஒரு மூலையில் நான்கு செவ்வந்திச் செடிகளை நடுகிறார். மகள் குறிப்பேட்டில் 60 என்பதை அடித்து 56 என்று எழுதுகிறாள்.

மத்திய அரசு ஊழியரின் குடும்பம் ஓரிடத்தில் நெடுங்காலம் தங்குவதில்லை. அடுத்த ஆண்டு தந்தைக்குக் கொல்கத்தாவிற்கு மாற்றல். கறிவேப்பிலைத் தொட்டியும் விதைமஞ்சளும் 1 மீட்டர்க் குச்சியும் உடன் செல்கின்றன. அங்கே உள்ள கொல்லைப்புறம் கிழக்கு மேற்காக 5 மீட்டர், வடக்குத் தெற்காக 2 மீட்டர். தெற்கு மதில் 2 மீட்டர் உயரம். குச்சியின் நிழல் 104 செ.மீ. எனில் மதிலின் நிழல் 208 செ.மீ.; திசம்பரில் தரையில் எங்குமே நண்பகல் வெயில் விழாது. மதிலிலிருந்து 1 மீட்டர் தொலைவில் வெயில் 96 செ.மீ. இறங்கியிருக்கும், எனவே அங்கே 104 செ.மீ. உயரத்திற்கு மேல்தான் வெயில். 75 செ.மீ. முக்காலி போதாது. மகள் அதனை வீட்டுப் பக்கமாக நகர்த்தி, மதிலிலிருந்து 150 செ.மீ. தொலைவில் வைத்துவிட்டு, வெயில் படத் தொடங்கும் உயரத்தை அங்கே கணக்கிட்டுக்கொண்டிருக்கிறாள்.